கைப்பிடி மாற்றமும் கம்பியின் அளவும்

முன்னுரை

தொழில்நுட்பம் என்றவுடன் பெரிய ஆலைகளையும் ஆய்வுக்கூடங்களையும் எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நாள்தோறும் நம் கைக்குள்ளேயே இயங்கும் நுட்பங்களை நாம் கூர்ந்து நோக்குவதில்லை. மோட்டார் சைக்கிளின் வலக்கைப் பிடியை முறுக்கியவுடன் எஞ்சின் விரைவதும், பிடியை விட்டவுடன் அது தணிவதும் அத்தகைய நுட்பங்களுள் ஒன்றாகும். கைக்கும் எஞ்சினுக்கும் இடையே தூது செல்வது ஒரு மெல்லிய எஃகுக் கம்பியே. இதனைப் பட்டறையார் 'ஆக்சிலேட்டர் கேபிள்' என வழங்குவர்.

தமிழ்த்துறையின் மலரில் இப்பொருள் இடம்பெறுவது ஏன் என்னும் வினா எழக்கூடும். நம் மாணவர்களுள் மிகப் பலர் மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்கு வருகின்றனர். அவர்களுள் சிலர் வண்டியின் கைப்பிடியைத் தம் விருப்பத்திற்கேற்ப மாற்றிக்கொள்கின்றனர். கைப்பிடி மாறும்போது கம்பியின் அளவும் வழியும் மாறவேண்டும் என்பதை அறிந்தோர் சிலரே. அறியாமையின் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம். ஆதலின் இதனை எளிய தமிழில் எடுத்துரைப்பது நம் கடமையெனக் கருதுகின்றோம்.

வட்டாரமும் வண்டியும்

புதுச்சேரிப் பகுதியின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுள் வில்லியனூரும் பாகூரும் அடங்கும். திருக்காமீசுவரர் கோயிலாலும் மாதா திருத்தலத்தாலும் புகழ்பெற்றது வில்லியனூர். ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பெற்றதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கல்விக்குக் கொடை அளித்த அம்மண் இன்றும் ஏரிப் பாசனத்தால் நெல் விளைவிக்கும் மண்ணாகவே திகழ்கின்றது.

இவ்வூர்களில் மோட்டார் சைக்கிள் வெறும் பயண ஊர்தி மட்டுமன்று. உரமூட்டையையும் பாற்கேனையும் சுமப்பது அதுவே. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு செல்வதும் அதுவே. ஏரிக்கரைகளிலும் வரப்போரப் பாதைகளிலும் மெதுவாகச் சென்று, குறுகிய இடத்தில் கைப்பிடியை முழுமையாகத் திருப்பி வளைய வேண்டிய தேவை இங்கு மிகுதி. கைப்பிடியை முழுமையாகத் திருப்பும் அந்த நொடியில்தான் அளவு பிறழ்ந்த கம்பி தன் குறையை வெளிப்படுத்தும் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

கைப்பிடியை மாற்றுவோர் மூவகையினர். முதுகுவலியும் தோள்வலியும் உடைய பெரியோர், குனியாமல் ஓட்டுவதற்காக உயரமான கைப்பிடியை நாடுவர். இளைஞர் பந்தய வண்டியின் தோற்றத்தை விரும்பித் தாழ்ந்த கைப்பிடியைப் பொருத்துவர். வண்டி விழுந்து கைப்பிடி வளைந்தபின், கடையில் கிடைத்த வேறு வடிவக் கைப்பிடியை வாங்கி மாட்டுவோர் மூன்றாம் வகையினர். மூன்றாம் வகையினர்க்குத் தாம் ஒரு மாற்றம் செய்துள்ளோம் என்னும் நினைவே இராது. ஆதலின் அவர்களே பெரிதும் கவனம் கொள்ளவேண்டியவர் ஆவர்.

கம்பியின் வரலாறு

உறைக்குள் ஓடும் இவ்வகைக் கம்பியைப் 'பௌடன் கேபிள்' என்று பொறியியலார் குறிப்பர். எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1896ஆம் ஆண்டு இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். முதலில் மிதிவண்டியின் பிரேக்கிற்கே இது பயன்பட்டது. தொடக்ககால மோட்டார் சைக்கிள்களில் நெம்புகோல்களும் தண்டுகளும் இப்பணியைச் செய்தன. தண்டு நேராகவே செல்லும்; திரும்பும் இடந்தோறும் அதற்கு ஒரு மூட்டு வேண்டும். உறைக்கம்பியோ வளைந்து நெளிந்து செல்லும் வழியிலும் இழுவிசையைக் கொண்டு செலுத்தும். இவ்வெளிமையே அதனை உலகெங்கும் பரவச் செய்தது.

நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட் வண்டிகளிலும் இக்கம்பியே கைக்கும் கார்புரேட்டருக்கும் இடையே நின்றது. 1980ஆம் ஆண்டு வெளிவந்த டி.வி.எஸ். 50 சிற்றுந்திலும் இதே ஏற்பாடுதான். பெங்களூருவில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுப்ரஜித் நிறுவனம் இத்தகைய கேபிள்களைச் செய்வதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டு வளர்ந்தது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு நெறிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் தெளிக்கும் 'இன்ஜெக்‌ஷன்' முறை பிடித்துக்கொண்டது. 2023ஆம் ஆண்டு வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 போன்ற சில வண்டிகளில் கம்பியே இல்லை. பிடியின் அசைவை மின்னணுக் கருவி உணர்ந்து தெரிவிக்கின்றது. ஆயினும் நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் இன்றும் கம்பியே ஆட்சி செய்கின்றது.

இழுக்கும் கம்பியும் தாங்கும் உறையும்

கேபிள் இரு பகுதிகளை உடையது. உள்ளே ஓடுவது பல இழைகளை முறுக்கிச் செய்த எஃகுக் கம்பி. பட்டறை வழக்கில் 'இன்னர்'. அதனைச் சூழ்ந்திருப்பது சுருள்கம்பியால் ஆகிய உறை. பட்டறை வழக்கில் 'அவுட்டர்'. உள்கம்பியின் இரு முனைகளிலும் உருண்டையான உலோகக் கட்டிகள் உண்டு. இவற்றை 'நிப்பிள்' என்பர். ஒரு கட்டி முறுக்குப்பிடியின் பள்ளத்திலும், மற்றது கார்புரேட்டரின் அடைப்பானிலும் அமரும்.

உள்கம்பி இழுவிசையைத் தாங்குகின்றது. உறை அதற்கு எதிரான அழுத்தத்தைத் தாங்குகின்றது. உறை தன் இரு முனைகளிலும் அசையாமல் ஊன்றி நின்றால்தான் கம்பியின் இழுப்பு அடைப்பானைச் சென்றடையும். எனவே வண்டியின் இயக்கத்தை உறுதி செய்வது கம்பியின் மொத்த நீளம் மட்டுமன்று. உறையின் நீளத்தைக் காட்டிலும் உள்கம்பி எவ்வளவு மிகுதியாக வெளியே நீண்டுள்ளது என்னும் வேறுபாடே அடிப்படையாகும்.

இன்னொரு செய்தியும் அறியற்பாலது. கம்பியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. அடைப்பானைத் திறப்பது நம் கை. அதனை மூடுவது சுருள்வில். கம்பி எங்கேனும் சிக்கினாலோ, இறுகினாலோ, வில்லின் வலிமை போதாமற் போகும். அப்போது நாம் பிடியை விட்டபின்னும் எஞ்சின் தணியாது. இதனை ஈடுசெய்யவே சில வண்டிகளில் திறப்பதற்கு ஒன்றும் மூடுவதற்கு ஒன்றுமாக இரு கேபிள்கள் அமைக்கப்பெற்றுள்ளன.

கைப்பிடி மாறும்போது நேர்வது

உயரமான கைப்பிடியைப் பொருத்திப் பழைய கேபிளையே மாட்டினால் அது விறைத்து நிற்கும். நேராகச் செல்லும்போது குறை ஏதும் தோன்றாது. பொதுவாக, கைப்பிடியை இடப்புறம் முழுமையாகத் திருப்பும்போது வலக்கைப் பிடி முன்னோக்கி விலகும். கேபிள் செல்லவேண்டிய தொலைவு கூடும். உறை போதாத நிலையில், அதன் முனை தான் ஊன்றியிருந்த குழியிலிருந்து பிடுங்கப்பட்டு விலகும். உறை எவ்வளவு விலகுகின்றதோ அவ்வளவு உள்கம்பியும் இழுபடும். கை முறுக்காமலேயே அடைப்பான் திறக்கும். திருப்பத்தில் தணியவேண்டிய எஞ்சின் விரையும்.

இதன் அளவை ஒரு கணக்கால் உணரலாம். தூக்கு அடைப்பானும் 24 மி.மீ. துளையும் உடைய ஒரு கார்புரேட்டரைக் கொள்வோம். கை முறுக்காத நிலையில் அடைப்பான் மிகச் சிறிதளவே திறந்திருக்கும். உறை 2 மி.மீ. விலகினால் அடைப்பானும் 2 மி.மீ. உயரும். முழு உயரத்தில் அது பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆனால் இருந்த சிறு திறப்போடு ஒப்பிட்டால் அது பன்மடங்கு. ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு வண்டியைக் கரைக்கு அப்பால் செலுத்த அது போதும்.

தாழ்ந்த கைப்பிடியைப் பொருத்துவோர்க்கு நேர்வது இதற்கு மறுதலையானது. கேபிள் மிஞ்சி நின்று வளையமாகத் தொங்கும். வளையம் முன்கவையின் நிறுத்தத்தில் நசுங்கலாம். விளக்கின் தாங்கியில் மாட்டலாம். கூர்மையாக மடிந்து உள்கம்பியை இறுக்கலாம். மடிந்த உறை நிமிர்த்தினாலும் பழைய நிலைக்கு மீளாது. அதனை மாற்றுவதே முறை.

புதிய கேபிளின் நீளம்

புதிய கேபிள் வாங்கும் முன்னர்ப் புதிய கைப்பிடியைப் பொருத்தி, ஒரு சணல் கயிற்றைக் கேபிள் செல்லவேண்டிய வழியே ஓட்டி அளத்தல் வேண்டும். கைப்பிடியை இடப்புறமும் வலப்புறமும் முழுமையாகத் திருப்பி, எந்த நிலையில் மிகுந்த நீளம் தேவைப்படுகின்றதோ அதனையே கணக்கிற்குக் கொள்ளவேண்டும். பழைய கேபிளைக் காட்டிலும் உறை 10 செ.மீ. நீளவேண்டுமெனில், உள்கம்பியும் அதே 10 செ.மீ. நீளவேண்டும். வெளியே தெரியும் கம்பியின் அளவு மாறலாகாது. உறையை மட்டும் நீட்டிப் பழைய கம்பியை நுழைத்தால் அடைப்பான் எப்போதும் திறந்தே நிற்கும்.

அவ்வண்டியின் உயர்ந்த கைப்பிடி வகைக்கெனவே செய்யப்பெற்ற ஆலைக் கேபிள் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. பட்டறையில் புதிதாகச் செய்வதாயின், கம்பியின் முனை இழைகளைக் கட்டியினுள் விரித்துப் பற்றாசு வைக்கவேண்டும். விரிக்காமல் வைத்த பற்று ஒரு நாள் நழுவிவிடும். திருகாணியால் இறுக்கும் கட்டிகள் வழியில் கேபிள் அறுந்தால் வீடு சேர்வதற்கே உரியன. நிலையான பயனுக்கு உரியன அல்ல. கிளட்ச் கேபிள், பிரேக் குழாய், மின்கம்பிகள் ஆகியவற்றின் நீளமும் இதே வேளையில் பார்க்கப்படவேண்டும்.

பொருத்தும் முறை

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெட்ரோல் குழாய்த் திருகு உள்ள வண்டியாயின் அதனையும் மூடவேண்டும். கழற்றும் முன்னர்ப் பழைய கேபிள் எந்தத் தாங்கியின் வழியே, எதற்கு உட்புறமாக, எதற்கு வெளிப்புறமாகச் செல்கின்றது என்பதைத் தாளில் வரைந்துகொள்வது நன்று. இன்று கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, கேபிளின் இரு முனைகளிலும் உள்ள 'அட்ஜஸ்டர்' திருகுகளை முழுமையாகத் தளர்த்த வேண்டும். முறுக்குப்பிடியின் கூட்டைப் பிரித்துக் கட்டியை விடுவிக்கவேண்டும். கூட்டின் உட்புறம் ஒரு சிறு முளை உண்டு. அது கைப்பிடிக் குழாயில் உள்ள துளையில் அமர்ந்து, கூடு சுழலாதவாறு காக்கின்றது. புதிய கைப்பிடியில் அத்துளை இல்லையெனின், சிலர் முளையை அறுத்துவிடுகின்றனர். இது பெருந்தவறு. முளையற்ற கூடு முறுக்கும்போது தானும் சுழன்று கேபிளை இழுக்கும். மூலக் கைப்பிடியில் உள்ளவாறே சரியான இடத்தில் அதே அளவுத் துளையிடுவதே முறை.

குழாயின் மேற்பரப்பைத் துடைத்து, பிடி தடையின்றிச் சுழல்கின்றதா எனப் பார்க்கவேண்டும். பிடியின் இரப்பர் உட்புறம் கூட்டிலோ, வெளிப்புறம் முனைக்குண்டிலோ உரசினால் பிடி மீளாது. சிறு இடைவெளி அங்குத் தேவை. கேபிளைப் பழைய வழியே, கூர்மையான மடிப்புகளின்றி, பெரிய வளைவுகளாகச் செலுத்தவேண்டும். வெப்பமிகு எஞ்சின் பகுதியைத் தொடாமல் அது செல்லவேண்டும். தூக்கு அடைப்பான் உடைய கார்புரேட்டரில், அடைப்பானின் சாய்வாக வெட்டிய பக்கம் காற்று வடிகட்டியை நோக்கி அமையவேண்டும். அதன் பள்ளம் உள்ளிருக்கும் முளையோடு பொருந்தவேண்டும். மாறிப் பொருத்தினால் அடைப்பான் கீழிறங்காது. எஞ்சின் தொடங்கிய உடனே கட்டின்றி விரையும்.

தளர்வை அளவிடுதல்

தளர்வு என்னும் சொல்லை நாம் குறையைக் குறிக்கவே பெரிதும் வழங்குகின்றோம். இங்கோ தளர்வு ஒரு தேவை. பிடியை முறுக்கத் தொடங்கும்போது, அடைப்பான் அசைவதற்கு முன் பிடி வெறுமனே நகரும் சிறு தொலைவையே தளர்வு என்கின்றோம். பட்டறையார் இதனைப் 'பிளே' என்பர். பெரும்பாலான வண்டிகளுக்குப் பிடியின் விளிம்பில் அளந்து 2 முதல் 6 மி.மீ. வரை இத்தளர்வு வேண்டும். அவ்வவ் வண்டியின் கையேட்டில் குறித்த அளவே இறுதியானது. இவ்வளவு முற்றும் இல்லையெனின், கைப்பிடி சற்றுத் திரும்பினாலும் கம்பி இழுபடும். இவ்வளவு மிகுந்தால் வண்டி வெட்டி வெட்டிச் செல்லும். முழுத் திறப்பும் கிட்டாது.

முதலில் கார்புரேட்டர்ப் பக்கத்து அட்ஜஸ்டரால் பெருமளவும், பின்னர்க் கைப்பிடிப் பக்கத்து அட்ஜஸ்டரால் நுண்ணளவும் சரிசெய்து பூட்டுமரையை இறுக்கவேண்டும். இரு கேபிள் உடைய வண்டியில், மூடும் கேபிளை முழுமையாகத் தளர்த்திவிட்டுத் திறக்கும் கேபிளில் தளர்வை அமைக்கவேண்டும். அதன்பின் மூடும் கேபிளின் மிகைத் தளர்வை மெல்லக் குறைக்கவேண்டும். அட்ஜஸ்டரை எல்லைவரை உள்ளே திருகியும் தளர்வு கிட்டவில்லையெனின் கேபிள் குட்டை என்பது பொருள். அங்கு வேறு உபாயம் தேடலாகாது. நீளமான கேபிளே தீர்வு.

மூன்று சோதனைகள்

பணி முடிந்தபின் செய்யவேண்டிய சோதனைகள் மூன்று. முதலாவது, மீளும் சோதனை. எஞ்சின் அணைந்த நிலையில் கைப்பிடியை நேராகவும், இடப்புறம் முழுமையாகவும், வலப்புறம் முழுமையாகவும் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் பிடியை முறுக்கி விடவேண்டும். அது 'டக்'கென்னும் ஒலியோடு தானே மீளவேண்டும். மெல்ல ஊர்ந்து மீண்டால் வழியில் எங்கோ இறுக்கம் உள்ளது.

இரண்டாவது, திறக்கும் சோதனை. பிடியை முழுமையாக முறுக்கியபோது அடைப்பான் துளையை முழுமையாக விட்டு விலகுகின்றதா என்பதைக் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்க்கலாம்.

மூன்றாவது சோதனையே தலையாயது. வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தவேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சின் புகை உயிரைப் பறிக்கும். கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை இயக்கிச் சூடேறவிட்டு, கை முறுக்காத மெதுவோட்டத்தில் விடவேண்டும். பிடியைத் தொடாமல் கைப்பிடியை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை மெல்லத் திருப்பவேண்டும். எஞ்சினின் ஓசை சிறிதும் உயரலாகாது. உயருமாயின் வண்டி சாலைக்கு உரியதன்று. தளர்வையோ, வழியையோ, நீளத்தையோ மீண்டும் சரிசெய்தல் வேண்டும்.

ஓடும்போது பிடி சிக்கிக்கொண்டால் செய்யவேண்டுவதையும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். கிளட்சைப் பிடித்து எஞ்சினைச் சக்கரத்தினின்று விடுவித்து, எஞ்சினை அணைக்கும் பொத்தானையோ சாவியையோ நாடி, இரு பிரேக்குகளாலும் வண்டியை ஓரம் கட்டவேண்டும்.

மழையும் உப்புக்காற்றும்

பாகூர்க் கொம்யூனின் கிழக்குப் பகுதி கடலை அடுத்தது. உப்புக்காற்று கம்பியின் இழைகளை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்றுநீர் உறையினுள் புகும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழை, நீரில் நின்ற வண்டிகள் எவ்வாறு பழுதுறும் என்பதை இவ்வூர்களுக்குக் காட்டிச் சென்றது. நீரில் நின்ற வண்டியின் கேபிளை, வெளித்தோற்றம் நன்றாயிருப்பினும், கழற்றிப் பார்த்தல் வேண்டும். முனைக்கட்டியின் அருகே ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றவேண்டும். ஏனெனில் அறுந்த இழை உறையின் வாயில் மாட்டிப் பிடியைத் திறந்த நிலையிலேயே நிறுத்தக்கூடும்.

பழைய வகைக் கேபிளின் மேல்முனையில் தாளைப் புனல்போற் சுற்றிக் கட்டி, மெல்லிய எண்ணெயை ஓரிரவு சொட்டவிடுவது பட்டறைகளின் பழைய முறை. உறையின் உட்புறம் நைலான் போன்ற பூச்சு உடைய புதிய வகைகளுக்கு உற்பத்தியாளர் கூறியவாறே செய்யவேண்டும். கெட்டியான கிரீஸ் புழுதியைச் சேர்த்துக்கொள்ளும்; ஆதலின் அது ஆகாது.

சட்டம் கூறுவது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கின்றது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இப்பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், விதிக்கு மாறான மாற்றம் செய்யும் உரிமையாளர்க்குத் தண்டனையும் வகுத்தது. கைப்பிடியை மாற்ற எண்ணுவோர், போக்குவரத்துத் துறையிடம் கேட்டுத் தெளிந்தபின் செய்வதே அறிவுடைமை. புதுச்சேரியின் ஊர்கள் தமிழ்நாட்டு எல்லையோடு பின்னிக் கிடப்பதால், ஒரே பயணத்தில் இரு அரசுகளின் காவலரையும் காணவேண்டியிருக்கும். இச்சட்டமோ இருபுறமும் ஒன்றே.

முடிவுரை

கைப்பிடியை மாற்றுவது அரைமணி நேரப் பணி. கேபிளின் நீளத்தை அளந்து, வழியைச் சீர்செய்து, தளர்வை அமைத்துச் சோதிப்பதற்கும் இன்னும் சிறிது நேரம் வேண்டும். முன்னதை மட்டும் செய்து பின்னதை விடுவது பாதிப் பணியாகும்.

பட்டறைத் தொழிலால் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். தம் தந்தையர் கையாலறிந்த நுட்பங்களை அவர்கள் தமிழில் எழுதி வைப்பார்களாயின், மொழிக்கும் தொழிலுக்கும் அது நற்பணியாகும். பெரியோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளையின் வண்டியில் புதிய கைப்பிடியைக் கண்டால், அதன் அழகையோ விலையையோ கேட்பதற்கு முன், எஞ்சினை இயக்கச் சொல்லிக் கைப்பிடியை இருபுறமும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஓசை மாறாதிருந்தால் வழியனுப்புங்கள். மாறினால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.